சர்க்கார் வக்கீல் யாருடைய வக்கீல்?

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 14ஆம் தேதி வந்தால் போதும், குழந்தைகளே நாட்டின் செல்வம் என்று மந்திரிகள் பேசுகிறார்கள். பேசட்டும். மேடைப் பேச்சுக்கு வரி கிடையாது. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். ஏழை வீட்டுக் குழந்தை கோர்ட்டில் நிற்கும்போது, மக்கள் வரிப் பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வரும் சர்க்கார் வக்கீல் யார் பக்கம் நிற்கிறார்?

இது வக்கீல்மார்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் என்று மில் தொழிலாளியோ விவசாயத் தொழிலாளியோ நினைத்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. படூரைப் பாருங்கள். நாவலூர் முதல் திருப்போரூர் வரை, நேற்று நாற்று நட்ட மண்ணிலும் உப்பு வாரிய மண்ணிலும் இன்று கண்ணாடி மாளிகைகள். நேற்று களை பறித்த பெண் இன்று அதே மண்ணில் சித்தாள். இல்லையென்றால் அந்த மாளிகையில் தரை துடைக்கிறாள். காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டியபின் வருகிறாள். கைக்குழந்தை மணல் மேட்டின் மேல், எட்டு வயதுப் பிள்ளை அதற்குக் காவல். மாளிகை கட்டிய கம்பெனிக்குக் குழந்தைக் காப்பகம் கட்ட மட்டும் இடம் கிடைக்கவில்லை.

அந்த எட்டு வயதுப் பிள்ளை ரோட்டில் திரிகிறது என்று யாரோ தகவல் கொடுக்கிறார்கள். அதிகாரிகள் வருகிறார்கள், அழைத்துப் போகிறார்கள். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. ஒரு தலைவர், நான்கு அங்கத்தினர். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கு உண்டு. தாய் ஒரு நாள் கூலியை இழந்து செங்கல்பட்டுக்கு ஓடுகிறாள். "ஐயா, என் பிள்ளையை எப்ப விடுவீங்க?" என்று கேட்கிறாள். "வீட்டு விசாரணை முடியட்டும், அப்புறம் வாம்மா" என்கிறார்கள். அப்புறம் என்றால் எப்போது? அவளுக்காக எழுந்து பேச அங்கே யாரும் இல்லை. அதிகாரியின் அறிக்கை இருக்கிறது, முத்திரை இருக்கிறது. தாயின் பக்கத்தில் ஒரு வக்கீல் இல்லை.

குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 3வது பிரிவு சொல்கிறது. வறுமை குற்றமல்ல. கூலி குறைவு என்பதற்காகத் தாயையும் பிள்ளையையும் பிரிப்பது நியாயமென்றால், முதலில் கூண்டில் ஏற வேண்டியவன் கூலியைக் குறைத்துக் கொடுத்தவன் அல்லவா?

இப்படிப்பட்ட கேள்வி நம் நாட்டில் மட்டும் எழுந்ததல்ல. அமெரிக்காவில் அரிசோனா ராஜ்யத்தில் குளோப் என்ற சுரங்க ஊர். 1964ல் அங்கே ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையனைப் போலீஸ் பிடித்தது. அண்டை வீட்டுப் பெண்ணிடம் டெலிபோனில் ஆபாசமாகப் பேசினான் என்பது புகார். தாயும் தகப்பனும் வேலைக்குப் போயிருந்த சமயம். வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட வைக்காமல் பையனைக் கொண்டுபோனார்கள். புகார் கொடுத்த பெண் கோர்ட்டுக்கே வரவில்லை. பையனுக்கு வக்கீல் இல்லை. தீர்ப்பு என்ன? 21 வயது வரைக்கும், அதாவது ஆறு வருஷம், சீர்திருத்தப் பள்ளி! அதே குற்றத்தை ஒரு பெரியவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதக் காவல். எல்லாம் பையனின் 'நன்மைக்காக' என்றார்கள். 1967ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் இது செல்லாது, குழந்தைக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொன்னது. முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே, 'நன்மைக்காக' என்ற வார்த்தை ஏழைப் பிள்ளையின் கழுத்தில் எப்படிக் கயிறாக விழும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

நம் சர்க்கார் வக்கீல் விஷயத்துக்கு வருவோம். இவருக்கு ஒரு முகம் அல்ல, மூன்று முகம். குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்தவன் மீது 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி வழக்கு நடக்கிறதா, அங்கே இவர் குழந்தையின் பக்கம். 17 வயதுப் பையன் எதையோ திருடினான் என்று சிறார் நீதிக் குழுமத்தில் நிறுத்துகிறார்களா, அங்கே இவர் குழந்தைக்கு எதிர்ப்பக்கம். சர்க்கார் இல்லத்தில் என் பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று தாய் ஹைகோர்ட் படியேறுகிறாளா, அங்கே இவர் இல்லத்தின் பக்கம், அதிகாரியின் பக்கம். காலையில் குழந்தைக்காகக் கண்ணீர், மாலையில் அதே வயதுக் குழந்தைக்கு எதிராகக் கவுண்டர் அபிடவிட்! ஆள் ஒருவராக இல்லாமலிருக்கலாம், எஜமான் ஒருவர்தான்.

உத்தியோகம் பார்க்கும் வக்கீல் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பியூன்கூட இல்லாத அறையில், கட்டுக் கட்டாகக் காகிதங்களைச் சுமந்துகொண்டு, சாட்சி சொல்ல வந்து நடுங்கும் சிறுமிக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துத் தைரியம் சொல்லும் வக்கீல்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் மரியாதை உண்டு. நமது சண்டை அவர்களை நிறுத்தியிருக்கும் இடத்தோடு.

செங்கல்பட்டையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரன் காலத்தில் ரிபர்மேட்டரி என்ற பெயரில் அங்கே சிறுவர்களை அடைத்தார்கள். 1920ல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதல் சட்டம் என்று இன்றும் பெருமை அடிக்கிறார்கள். பிறகு 1986ல் ஒரு சட்டம், 2000ல் ஒரு சட்டம், 2015ல் ஒரு சட்டம். போர்டு மாறியது. சுவர் மாறவில்லை.

2022 டிசம்பர் 31. செங்கல்பட்டு சர்க்கார் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் செத்தான். ரயில்வே சாமானைத் திருடினான் என்று சொல்லிக் கொண்டுவந்து அடைத்தார்கள். உள்ளே வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உடம்பெல்லாம் காயம். இல்லத்தின் சூப்பிரண்டு உட்பட ஆறு ஊழியர்கள் 2023 ஜனவரியில் கைது செய்யப்பட்டார்கள். பையன் பெயரை நாம் எழுதப்போவதில்லை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 74வது பிரிவு சொல்கிறது. சட்டத்தை நாமாவது மதிப்போம்!

ஊழியர்கள் அடித்தார்கள் என்பதோடு பேச்சை முடித்துவிடப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பையன் அந்தச் சுவருக்குள் ஏன் இருந்தான்? 12வது பிரிவை எடுத்துப் படியுங்கள். பெரியவர்களுக்கு ஜாமீன் கிடைக்காத குற்றமாக இருந்தாலும் சிறுவனை ஜாமீனில் விடுவதே விதி. கெட்ட சகவாசத்தில் போய் விழுவான், அவனுக்கு ஆபத்து வரும், நீதிக்கே பங்கம் வரும் என்று காரணம் காட்டி எழுதினால்தான் மறுக்கலாம். இன்னும் மேலே போங்கள். 2016ல் மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி விதிகளில் 8வது விதி. குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருஷம் என்று சட்டம் வைத்திருக்கும் கொடிய குற்றங்களுக்குத்தான் சிறுவனைப் பிடிக்கலாம். மற்றக் குற்றங்களில், பிடிப்பதுதான் அவன் நலனுக்கு நல்லது என்றால் ஒழிய, விவரத்தைக் குழுமத்துக்கு எழுதி அனுப்பிவிட்டுப் பெற்றோருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். திருட்டுக் குற்றம் எந்தக் கணக்கில் கொடிய குற்றம்?

கோடிக் கணக்கில் பாங்குப் பணத்தை விழுங்கியவன் விமானம் ஏறிப் போகிறான். அவனுக்கு ஜாமீன் வாங்கித் தர வரிசையில் நிற்கிறார்கள். நம் வீட்டுப் பையனுக்கு 12வது பிரிவைப் படித்துக் காட்ட ஒரு நாக்கு இல்லை. குழுமத்தின் முன் வரும் குழந்தைக்கு இலவச சட்ட உதவி கிடைக்கச் செய்வது குழுமத்தின் கடமை என்று 8வது பிரிவில் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறோம்: ஜாமீன்தான் விதி என்று சட்டம் சொல்லும்போது, அதை எழுந்து சொல்வது இலவச வக்கீலின் வேலை மட்டும்தானா? சர்க்கார் வக்கீல் போலீசின் வக்கீல் அல்ல, சட்டத்தின் வக்கீல். இந்தப் பையனை உள்ளே தள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய வேலை போய்விடுமா? போய்விடும் என்று அவர் பயப்படுகிறார் என்றால், அங்கேதான் நோயின் வேர்.

அந்தச் சாவுக்குப் பிறகு ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக சர்க்கார் நியமித்தது. இல்லங்களை எப்படிச் சீர்திருத்துவது என்று அவர் அறிக்கை கொடுத்தார். ஒரு பிள்ளையின் பிணம் வெளியே வந்தால்தான் ஒரு அறிக்கை உள்ளே போகும் என்பது இந்த சர்க்கார் யந்திரத்தின் வழக்கமாகிவிட்டது.

படூருக்குத் தெற்கே இன்னொரு கதை. மாமல்லபுரத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து வந்து சிற்பம் பார்க்கிறார்கள். அந்த ஊர்ப் பக்கத்து அநாதை இல்லங்களில் குழந்தைகளிடம் பாலியல் கொடுமை நடக்கிறது என்று 2007ல் ஒரு சஞ்சிகையில் கட்டுரை வந்தது. அதைக் குறிப்பிட்டு ஒரு பெண்மணி எழுதிய கடிதத்தை சுப்ரீம் கோர்ட் வழக்காக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி என்றே வழக்குக்குப் பெயர். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அஸ்ஸாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் 76 குழந்தைகள், பெரும்பாலும் பெண் குழந்தைகள், படிப்பு என்ற பெயரில் தமிழ்நாட்டு இல்லங்களுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த விஷயம் வெளிவந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அந்த ராஜ்யங்களிலிருந்து வெளியே படிக்க அனுப்பக் கூடாது என்று 2010ல் கோர்ட் தடை போட்டது.

வழக்கின் தீர்ப்பு எப்போது வந்தது தெரியுமா? 2017 மே 5. பத்து வருஷம்! கட்டுரை வந்தபோது எட்டு வயதாயிருந்த குழந்தை தீர்ப்பு வந்தபோது ஓட்டுப் போடும் வயதை எட்டிவிட்டது. தீர்ப்பு என்ன சொன்னது? எல்லா இல்லங்களையும் வருஷக் கடைசிக்குள் பதிவு செய்யுங்கள், உள்ளே எத்தனை குழந்தை என்று கணக்கு எடுங்கள், சோதனைக் கமிட்டி போடுங்கள், குழந்தைக்குக் குழந்தை தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுதுங்கள் என்றது. பத்து வருஷம் வழக்கு நடந்த பிறகும் சர்க்கார்களின் கையில் ஒழுங்கான ஒரு கணக்கு இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ரேஷன் கடையில் ஒரு மூட்டை அரிசி குறைந்தால் கணக்குக் கேட்கிறவர்கள், ஓர் இல்லத்தில் எத்தனை குழந்தை என்று கேட்டால் அவகாசம் வேண்டும், வாய்தா வேண்டும் என்கிறார்கள். அந்த வாய்தாவைக் கேட்டு எழுந்து நிற்பவர் யார்? சர்க்கார் வக்கீல்தான். குழந்தையின் வயசுக்கு வாய்தா கொடுக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

இதைப் படித்துவிட்டு, போக்சோ வழக்கிலாவது சர்க்கார் வக்கீல் குழந்தையின் பக்கம் இருக்கிறாரே, அங்கே என்ன குறை என்று சில தோழர்கள் கேட்கலாம். குறை அங்கேயும் உண்டு. செங்கல்பட்டு மகளிர் கோர்ட்டில் நடந்த ஒரு வழக்கையே சொல்வோம். 2017 பிப்ரவரியில் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். ஊரே கொதித்தது. ஒருவனைக் கைது செய்தார்கள். 2018 பிப்ரவரி 19ஆம் தேதி தூக்குத் தண்டனை. அதே வருஷம் ஜூலையில் ஹைகோர்ட் உறுதி செய்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன. 2025 அக்டோபர் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அவனை விடுதலை செய்தது. ஏன்? குற்றச்சாட்டு வனைந்தபோது அவனுக்கு வக்கீலே இல்லை. பிற்பாடு ஒரு இலவச வக்கீலைக் கொடுத்து, வழக்கைப் படிக்கப் போதிய அவகாசம் விடாமல் சாட்சி விசாரணையை ஓட்டினார்கள். முக்கிய சாட்சியம் என்று சொன்ன கேமராப் பதிவை ஒழுங்காகக் கோர்ட்டில் வைக்கவில்லை. ரசாயனப் பரிசோதனைக்குப் போன பொருட்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதில் சந்தேகம். பிராசிகியூஷன் தரப்பு சங்கிலியை நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பு.

எட்டு வருஷம் கழித்து அந்தச் சிறுமியின் பெற்றோர் கையில் மிஞ்சியது என்ன? இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தவறாகப் பேசுகிறார்கள். எதிரிக்கு எதற்கு வக்கீல், அவனை உடனே தொங்கவிடு என்கிறார்கள். எதிரிக்கு வக்கீல் இல்லாமல் நடத்திய வழக்கு குழந்தைக்கும் நியாயம் தராது என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் கிடையாது. போலீஸ் கட்டிக் கொடுத்த கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவர் சர்க்கார் வக்கீல் அல்ல, சுமைகூலி. இந்தப் பதிவு எங்கே, இந்தப் பொருள் எவர் கையில் இருந்தது, எதிரிக்கு வக்கீல் கொடுத்தாயிற்றா என்று முதல் நாளே போலீசைக் குடைந்து கேட்பவர்தான் குழந்தையின் வக்கீல். கோபத்தில் வேகம் காட்டுவது சுலபம். கட்டைத் திருப்பி அனுப்பி, சரியாகக் கொண்டுவா என்று சொல்லத்தான் முதுகெலும்பு வேண்டும்.

முதுகெலும்பு எப்படி வரும்? மந்திரிசபை மாறினால் ஹைகோர்ட்டில் சர்க்கார் வக்கீல்களின் பட்டியலும் மாறுகிறது. கொடி பிடித்தவருக்கும் சிபாரிசு பிடித்தவருக்கும் பதவி. சர்க்கார் வக்கீல் பதவி தானமாகக் கொடுக்கும் சொத்தல்ல, தகுதி பார்த்து நியாயமான முறையில் நியமிக்க வேண்டும் என்ற கருத்தில் சுப்ரீம் கோர்ட் 2016ல் பஞ்சாப் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. போக்சோ கோர்ட்டுக்குத் தனி பிராசிகியூட்டர், அந்த வழக்குகளை மட்டுமே நடத்துபவர், ஏழு வருஷமாவது தொழில் நடத்தியவர் என்று 32வது பிரிவு கேட்கிறது. ஏழு வருஷத் தொழில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியுமா என்று எவர் பார்க்கிறார்?

மில் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி நூற்பாலை ஆஸ்டல்களில் கிராமத்துப் பெண் பிள்ளைகளை அடைத்த 'சுமங்கலி'த் திட்டத்தை நம் தொழிலாளர் மறக்கவில்லை. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, 'அல்லது' 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று 2016ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த 'அல்லது' என்ற ஒரு வார்த்தைதான் முதலாளியின் வாசற்கதவு. சிறைதான் வேண்டும் என்று வாதாட வேண்டியவர் சர்க்கார் வக்கீல். அவர் வாயைத் திறக்காவிட்டால், அபராதத்தை நவராத்திரிக் கொலுச் செலவு போலக் கட்டிவிட்டுப் போகிறான் மில்காரன். குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அதே திருத்தம் இன்னொரு பின்வாசலையும் திறந்து வைத்தது. எல்லாச் சூளைக்காரனும் இனி நம் பிள்ளைகளுக்குப் 'பெரியப்பா' ஆகிவிடுவான்!

ஆகவே சர்க்காரைக் கேட்கிறோம். குழந்தைகள் நலக் குழு முன்னால் பிள்ளையை இழந்து நிற்கும் தாய்க்கு, அவள் கேட்காமலே, முதல் நாளிலேயே ஒரு வக்கீலைக் கொடு. சர்க்கார் இல்லத்தில் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால், அந்த வழக்கில் சர்க்காரின் சம்பள வக்கீலை இல்லத்துக்கு ஆதரவாக எழுப்பாதே. குழந்தைக்கென்று சுதந்திரமான வக்கீலை வை, செலவை நீ ஏற்றுக்கொள். சிறார் குழுமத்தில் ஜாமீன் மறுக்கச் சொல்லும் ஒவ்வொரு சர்க்கார் வக்கீலும் எந்தக் காரணத்துக்காக மறுக்கச் சொல்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். சந்துரு அறிக்கையில் எந்தெந்த சிபாரிசு நிறைவேறியது, எது அலமாரியில் தூங்குகிறது என்று சட்டசபையில் கணக்கு வை.

சர்க்கார் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க நாம் தயாரில்லை. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டத்தின் 12வது பிரிவில் பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர் எல்லோருக்கும் இலவச வக்கீல் உரிமை இருக்கிறது. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானக் கணக்குக்கூடப் பார்க்கக் கூடாது. செங்கல்பட்டு கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக் காகிதத்தில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். நலக் குழுவின் உத்தரவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் அப்பீல் போகலாம். உத்தரவின் நகலைக் கேட்டு வாங்காமல் திரும்பி வரக் கூடாது. படூர், தையூர், கேளம்பாக்கம் கிளைகளில் உள்ள தோழர்கள் இதைத் தாய்மார்களிடம் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்த பெண் தோழர் ஒருவர், செங்கல்பட்டுக்குப் போகிற தாயோடு அதே பஸ்ஸில் போக வேண்டும். அவருடைய ஒரு நாள் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும்.